அடுப்புப் புகை நெஞ்சுக்கு என்ன செய்யுது? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன மாசம் இந்தப் பகுதியில வேற ஒரு கேள்விக்கு நடுவுல, விறகு அடுப்புல சமைக்கிறவங்களுக்கு இதய நோய் வர்ற வாய்ப்பு கூடுதல், புகையால இதய செல் சாகும், செத்தா திரும்ப வராதுன்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்குத்தான் இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்துலயிருந்தும் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, சில பேர் கோபமாவும் எழுதியிருக்கீங்க, மலைக்காத்தைப் போய் குறை சொல்றீங்களேன்னு. அதனால இந்தத் தடவை சளி, மூட்டு வலி கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சுட்டு, புகையும் இதயமும் மட்டும் பேசிடுவோம்.

டாக்டரம்மா, எங்க அம்மாவுக்கு 61 வயசு. பீடி, சிகரெட் வாசனையே ஆகாது. சுகர் இல்ல, பிரஷருக்கு மட்டும் மாத்திரை போடுறாங்க. போன தை மாசம் ஹார்ட் அட்டாக் வந்து கீழ கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போய் ஸ்டென்ட் வச்சோம். அங்க டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீட்ல என்ன அடுப்பு?"ன்னுதான். நாங்க 6,000 அடி கிட்ட உயரத்துல இருக்கோம், ஊரே இங்க காத்து வாங்க வருது. எங்க காத்துலயா குறை?
– கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வாசகி

அம்மா இப்ப நல்லா இருக்காங்கன்னு கடைசி வரியில எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சதும்தான் எனக்கு நிம்மதி.

உங்க ஊர் காத்துல குறை இல்லம்மா. ஆனா டூரிஸ்ட் வாங்கிட்டுப் போற காத்து வேற, உங்க அம்மா 40 வருஷமா அடுப்படிக்குள்ள சுவாசிச்ச காத்து வேற. கீழ சமவெளியில பல வீட்ல அடுப்பு வாசல்ல இருக்கும், இல்ல கொல்லையில இருக்கும், புகை மேல போயிடும். நம்ம மலையில குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திடுவோம், ஜன்னல் இடுக்குல பழைய துணியைக்கூட அடைச்சு வச்சிருப்போம், காலையில சுடுதண்ணிக்குப் பத்த வச்ச அடுப்பு ராத்திரி கைகால் காய வைக்கிற வரைக்கும் அணையாது, அதுலயும் ஆடி மாச மழையில நனைஞ்ச சீகை விறகா இருந்தா எரியிறதைவிட புகையிறதுதான் அதிகம். எங்க அம்மா கேத்தி பள்ளத்துல இருந்த எங்க வீட்ல ஊதாங்குழலை வச்சு ஊதிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டே எனக்குத் தலை பின்னி விட்டது இன்னும் எனக்குக் கண்ணுலயே நிக்குது. அப்ப அது கண்ணுக்குத்தான் கெடுதின்னு நினைச்சோம்.

அந்தப் புகையில ஆபத்தானது கண்ணை எரிக்கிற பெரிய கரித்தூள் இல்ல, கண்ணுக்கே தெரியாத பொடி. பி.எம். 2.5னு நியூஸ்ல சொல்றாங்களே அதுதான், 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கிற தூள், நம்ம தலைமுடி தடிமன்ல இருபது முப்பதுல ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடிச்சு சளியா வெளிய தள்ளிடும், இது அதுக்கெல்லாம் மாட்டாம நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் போய் உக்காந்துக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021ல வச்ச அளவு என்னன்னா ஒரு கன மீட்டர் காத்துல வருஷ சராசரி 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15க்கு மேல போகக்கூடாது. நம்ம நாட்டு அளவு வருஷத்துக்கு 40, நாளுக்கு 60. மூடின அடுப்படியில விறகு எரியிற நேரத்துல இது நூத்துக்கணக்குல போகும். டெல்லி காத்துன்னு டிவியில பயமுறுத்துறாங்களே, அந்த அளவு காத்து நம்ம வீட்டுக்குள்ளயே தினமும் ரெண்டு மூணு மணி நேரம் இருக்கு, அதை சுவாசிக்கிறது பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும் அவங்க இடுப்புல இருக்கிற குழந்தையும்.

2020ல மட்டும் உலகம் முழுக்க வீட்டு அடுப்புப் புகையால 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. புகைன்னா நுரையீரல் நோய்தான்னு நாம நினைப்போம். ஆனா அந்த 32 லட்சத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இதய ரத்தக்குழாய் அடைப்பால போனவங்க, அடுத்தது பக்கவாதம்.

இதுக்காக உங்க அம்மாவுக்கு வந்த அட்டாக் புகையாலதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, பிரஷர் இருக்கு, மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு ஆபத்து கூடும், இதெல்லாம் சேர்ந்துதான் வருது. ஆனா சிகரெட் பிடிக்காதவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு நீங்க கேட்டதுக்கு, அந்த டாக்டர் சரியான இடத்துலதான் தேடியிருக்காருன்னு சொல்வேன்.

இன்னொண்ணு, மார்கழி தையில காலையில மேல நின்னு பள்ளத்தைப் பாத்திருப்பீங்க, ஊர்ப் புகை மேல போகாம ஒரே மட்டத்துல போர்வை விரிச்ச மாதிரி படுத்திருக்கும். ராத்திரி குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால பள்ளத்துல இறங்கித் தேங்கிடும், மேல இருக்கிற காத்து அதைவிட சூடா இருக்கும், பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆயிடும். வெயில் ஏறி அந்த மூடி கலையிற வரைக்கும் மொத்த ஊரோட அடுப்புப் புகையும் அந்தப் பானைக்குள்ளதான். நெஞ்சு நோய் இருக்கிறவங்க அந்த நேரத்துல வாக்கிங் போகாம, வெயில் வந்த பிறகு போனா நல்லது.

மேடம், நான் குன்னூர்ல பிளஸ் டூ படிக்கிறேன். புகை நுரையீரலுக்குத்தானே போகுது, அது எப்படி இதயத்தைத் தாக்கும்? இதய செல் செத்துடும்னு எழுதியிருந்தீங்க. செல் சாகிறது உடம்புல இயல்பா நடக்கிறதுதானே, எங்க புக்லயே அப்போப்டோசிஸ்னு இருக்கே?

நல்லா கேட்டிருக்கே தம்பி, நீ கேட்ட ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்து வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல செல் சாவு. நீ தேயிலைத் தோட்டத்து நடுவுல வளர்ற பையன், உனக்கு சுலபமா புரியும். செடி சாவுறதுக்கா கவாத்து பண்றாங்க? இல்ல, எங்க வெட்டணும், எவ்வளவு உயரத்துல வெட்டணும்னு தெரிஞ்ச ஆள் வெட்டுவார், வெட்டின கிளை அங்கயே மக்கி உரமாகும், செடி புதுசா துளிர்க்கும். அப்போப்டோசிஸ் அந்த மாதிரி. செல் தனக்குத்தானே கணக்கா சுருங்கி, சின்னச் சின்ன பொட்டலமா பிரிஞ்சு, பக்கத்து செல்லுக்குத் தொந்தரவு இல்லாம போயிடும், துப்புரவு செல்கள் வந்து அதை முழுங்கிடும். 1972ல கெர், வைலி, கரி மூணு பேரும் சேர்ந்து இந்தப் பேரை வச்சாங்க, கிரேக்க மொழியில மரத்துலயிருந்து இலை உதிர்றதுன்னு அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவை வச்சு இதை ஆராய்ச்சி பண்ணினாங்க, அது வளரும்போது 1,090 உடல் செல் உருவாகும், அதுல சரியா 131 செல் குறிச்சு வச்ச மாதிரி செத்துப்போகும், எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. இதுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூணு பேருக்கும் 2002ல நோபல் கிடைச்சது.

இன்னொரு விதமான சாவு இருக்கு, நெக்ரோசிஸ். ஜனவரியில உறைபனி விழுந்த மறுநாள் பள்ளத்துல இருக்கிற தேயிலையைப் பாத்திருப்பே, கொழுந்தெல்லாம் கருகித் தொங்கும். யாரும் கணக்குப் பண்ணி வெட்டல, அடிச்ச அடியில செத்தது. அந்த மாதிரி செல் வீங்கி வெடிச்சு உள்ள இருக்கிற எல்லாத்தையும் வெளிய கொட்டிடும், அக்கம்பக்கமெல்லாம் அழற்சியாகும். நடுவுல வேற வேற ரகமும் இருக்கு, இரும்புச்சத்தால செல் சவ்வுல இருக்கிற கொழுப்பு கெட்டுப்போய் சாகிற ஒரு வகைக்கு 2012லதான் ஃபெராப்டோசிஸ்னு பேரே வச்சாங்க.

இப்ப இதயத்துக்கு வருவோம். தோல் செல் செத்தா சில வாரத்துல புதுசு வந்துடும், குடல் செல் சில நாள்லயே மாறிடும். இதயத் தசை செல் அப்படி இல்ல. இதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1950கள்லயும் 60களோட ஆரம்பத்துலயும் வல்லரசுங்க வெட்டவெளியில அணுகுண்டு சோதனை பண்ணினதுல காத்துல கார்பன் 14ங்கிற கதிரியக்க கார்பன் ஏறிடுச்சு, 1963ல தடை வந்த பிறகு மெல்ல மெல்ல இறங்குச்சு. செல் பிறக்கும்போது காத்துல எவ்வளவு கார்பன் 14 இருந்துச்சோ அது அந்த செல்லோட டி.என்.ஏ.வுல பதிஞ்சிருக்கும், பிறந்த தேதி எழுதின மாதிரி. ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிடியூட்ல ஃபிரைசனோட குழு 2009ல இதை வச்சு இதய செல்லோட வயசை அளந்தாங்க. 25 வயசுல வருஷத்துக்கு 100ல ஒரு செல்தான் புதுசாகுது, 75 வயசுல அதுல பாதிகூட இல்ல. அதாவது உன் தாத்தா நெஞ்சுல இன்னிக்குத் துடிக்கிற செல்லுல பாதிக்கு மேல அவர் பிறந்தப்போ இருந்ததேதான். அங்க ஒண்ணு செத்தா அந்த இடத்துல தழும்புதான் வரும், தழும்பு துடிக்காது.

சரி, புகை எப்படி அங்க போகுது? மூணு வழி சொல்றாங்க. ஒண்ணு, காத்துப்பையில உக்காந்த தூளைத் துப்புரவு செல்கள் முழுங்கப் பாத்து முடியாம அழற்சி ரசாயனத்தைக் கக்கும், அது ரத்தத்துல கலந்து கல்லீரல் வரைக்கும் போய், ரத்தம் சீக்கிரம் உறையிற பொருளை அதிகமா சுரக்க வைக்கும். ரெண்டு, நுரையீரல்ல இருக்கிற நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மாறும், இது சில நிமிஷத்துலயே நடந்துடும். மூணு, ரொம்ப ரொம்பப் பொடியா இருக்கிற தூள் நேரா ரத்தத்துக்குள்ளயே புகுந்துடும். இந்த மூணாவதை ரொம்ப நாள் சும்மா ஊகம்னுதான் நினைச்சாங்க. 2017ல எடின்பரோவுல ஒரு வேலை பண்ணினாங்க, ஆபத்தில்லாத தங்கத்துகளை புகைத்தூள் அளவுக்குப் பொடியாக்கி ஆரோக்கியமான ஆளுங்களை சுவாசிக்க வச்சாங்க. ஏன் தங்கம்னா உடம்புல அது இயல்பா இருக்காது, எங்க கண்டாலும் மூக்கு வழியா போனதுன்னு தெரிஞ்சுடும். ஒரே நாள்ல ரத்தத்துல தங்கம், சிறுநீர்ல தங்கம், மூணு மாசம் கழிச்சும் சிறுநீர்ல வந்துச்சு. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் பண்ண வந்தவங்ககிட்டயும் பண்ணிப் பாத்தாங்க, வெட்டி எடுத்த அடைப்புக்குள்ள தங்கம் இருந்துச்சு. அந்த இடத்துலதான் நானும் படிக்கிறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். மூக்குல போனது நேரா நோய் இருக்கிற இடத்துக்கே போய்ச் சேந்திருக்கு.

அந்த அடைப்புக்குள்ளதான் நீ கேட்ட செல் சாவு பெருசா நடக்குது. ரத்தக்குழாய் சுவர்ல தங்கின கெட்ட கொழுப்பு, புகையால வர்ற ஆக்சிஜன் தாக்குதல்ல கெட்டுப்போகும். துப்புரவு செல்கள் வந்து அந்தக் கெட்ட கொழுப்பை அளவுக்கு மீறித் தின்னு உப்பி அங்கயே சாகும். செத்ததை அள்ள அடுத்த துப்புரவு செல்கள் வரணும், புகை தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தா சாவு அதிகமாகி அள்ளுறது பின்தங்கிடும், அப்ப நடுவுல செத்த செல்லும் கொழுப்பும் சேர்ந்து கூழா நிக்கும். அதுக்கு மேல மெல்லிசா ஒரு தோல். ஒரு நாள் அந்தத் தோல் கிழியும், கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறையும், குழாய் அடைச்சுக்கும், அதுதான் ஹார்ட் அட்டாக்.

அடைச்ச பிறகு தசை செல் சாகிறது தனிக்கதை. இதய செல்லுல மூணுல ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான், செல்லுக்கு சக்தி தயாரிக்கிற பகுதி அது, ஓயாம ஓடுற என்ஜினுக்கு அவ்வளவு பவர் வேணும். ஆக்சிஜன் நின்னா 20 நிமிஷம் போல தாக்குப் பிடிக்கும், அதுக்கப்புறம் உள்பக்கச் சுவர்ல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா அலை அலையா சாவு பரவும், சில மணி நேரத்துல அந்தப் பகுதி முழுக்கப் போயிடும். செத்த செல் கக்குற டிரோபோனின்ங்கிற புரதத்தைத்தான் ரத்தப் பரிசோதனையில பாக்குறாங்க. இது இல்லாம புகைத்தூள்ல ஒட்டியிருக்கிற இரும்பு, செம்பு மாதிரி உலோகமும் எரிஞ்ச ரசாயனமும் மைட்டோகாண்ட்ரியாவை நேராவே கெடுத்து, அதுலயிருந்து சைட்டோகுரோம் சிங்கிற புரதம் கசிஞ்சு, தேவையே இல்லாத இடத்துல அந்த கவாத்து உத்தரவு கிளம்பிடுதுன்னு லேப்ல வளர்த்த செல்லுலயும் எலியிலயும் காட்டியிருக்காங்க. மனுஷ நெஞ்சுக்குள்ள அதைக் கண்ணால பாக்க முடியாது இல்லையா, அதனால இந்தக் கடைசி விஷயத்தை எலி அளவுல உறுதின்னு எழுதி வச்சுக்கோ. ஆனா புகை கூடின ஊர்ல ரத்தக்குழாயில சுண்ணாம்பு வேகமா படியுதுன்னு அமெரிக்காவுல 6 நகரப் பகுதிகள்ல கிட்டத்தட்ட 6,800 பேரை 10 வருஷம் ஸ்கேன் பண்ணிப் பாத்து 2016ல எழுதினாங்க, அது மனுஷங்ககிட்டயே பாத்தது.

வணக்கம் டாக்டர். கொடைக்கானல்ல 22 வருஷமா வேன் ஓட்டுறேன். 2 வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. சீசன்ல வத்தலக்குண்டு காட் ரோட்டுல பஸ்ஸுக்குப் பின்னாடி மணிக்கணக்கா ஊர்ந்து போவோம், அந்தப் புகையில நெஞ்சு ஒரு மாதிரி கனக்கும். வேலையை விட முடியாது, என்ன பண்றது?
– பெருமாள்மலை வாசகர்

அண்ணா, அந்த "ஒரு மாதிரி கனக்கும்"ங்கிறதை சாதாரணமா விடாதீங்க, முதல்ல உங்க இதய டாக்டர்கிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க. 2007ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, உங்களை மாதிரியே ஏற்கனவே அட்டாக் வந்து தேறின 20 ஆண்களை, நீர்த்த டீசல் புகை இருக்கிற அறையில ஒரு மணி நேரம் வச்சு நடுநடுவுல சைக்கிள் மிதிக்க வச்சாங்க, இன்னொரு நாள் சுத்தமான காத்துல அதையே பண்ண வச்சாங்க. புகை நாள்ல ஈ.சி.ஜி.யில இதயத்துக்கு ரத்தம் பத்தலைங்கிற அடையாளம் தெளிவா கூடுதலா வந்துச்சு, உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்கிற பொருளும் குறைவா சுரந்துச்சு. அவங்களுக்கு வலி எதுவும் தெரியல, அதுதான் கவலையான விஷயம். ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல அட்டாக் வந்து பிழைச்சவங்ககிட்ட அன்னிக்கு என்னென்ன பண்ணீங்கன்னு கேட்டு எழுதினப்போ, டிராஃபிக்ல இருந்ததுக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள அட்டாக் வர்ற வாய்ப்பு மூணு மடங்கு கிட்ட இருந்துச்சு.

நம்ம மலையில இன்னொரு சுமையும் சேருது, கொடைக்கானல் உயரத்துல ஒவ்வொரு மூச்சுலயும் கடல் மட்டத்துல கிடைக்கிற ஆக்சிஜன்ல முக்கால் பங்கு சொச்சம்தான் கிடைக்கும். உங்களுக்கு அது பழகினது, உடம்பு ஈடுகட்டிக்கும், ஆனா கீழயிருந்து வர்ற பாசஞ்சர் யாராவது நெஞ்சு நோயாளியா இருந்தா அவங்களுக்குப் புதுசு.

வேலையை விடச் சொல்ல மாட்டேன். ஏத்தத்துல புகை கக்குற பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டிப் போகாதீங்க, நாலு வண்டி இடம் விடுங்க, அந்த நேரம் கண்ணாடியை ஏத்திட்டு ஏ.சி.யை உள்காத்துல வைங்க. நின்னா என்ஜினை ஆஃப் பண்ணுங்க, உங்க வண்டிப் புகை பின்னாடி வர்ற இன்னொரு டிரைவரோட நெஞ்சுக்குத்தான் போகுது. ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை ட்ரிப் பிசியில ஒரு நாள்கூட விடாதீங்க. 2024 மே 7லயிருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் வந்ததுல உங்க தொழில்காரங்களுக்குள்ள மனக்கசப்பு இருக்குன்னு தெரியும், வருமானத்தைப் பத்தின அந்தக் கவலை நியாயமானதுதான். ஒரு டாக்டரா, காட் ரோட்டுல வண்டி குறையிற எந்த ஏற்பாட்டையும் நான் வரவேற்பேன், முக்கியமா ரோட்டோரத்துல நாள் முழுக்க நின்னு கேரட்டும் மக்காச்சோளமும் விக்கிற அம்மாக்களுக்காக.

ராத்திரி குளிர் தாங்காம ரூம்ல கரிச்சட்டி வச்சுப் படுப்போம், கரியில புகையே வராதே, அது பரவாயில்லையா?
– ஊட்டி காந்தல்

வேண்டவே வேண்டாம், இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடுங்க. புகை வரலைங்கிறதுதான் அதுல இருக்கிற ஆபத்து. கனலுற கரியிலயிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, மயக்கம் மாதிரி வரும், தூக்கக் கலக்கம்னு நினைச்சு திரும்பிப் படுப்பீங்க, அப்புறம் எழுந்திருக்க முடியாது. காட்டேஜ்ல தங்க வந்தவங்க ரூமுக்குள்ள கரி அடுப்பை வச்சுட்டுத் தூங்கி, காலையில கதவை உடைச்சு எடுத்த செய்தி நம்ம ரெண்டு மலையிலயும் படிச்சிருக்கோம். கம்பளியை ரெண்டா போடுங்க, சுடுதண்ணி பாட்டிலைத் துணியில சுத்தி காலடியில வைங்க. கரிச்சட்டி வாசப்படிக்கு வெளியதான்.

டீ பாக்டரியில டிரையர் பக்கம் வேலை. வேலை முடிஞ்சதும் ஒரு துண்டு வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டா உள்ள போன தூசியும் புகையும் இறங்கிடும்னு பெரியவங்க சொல்றாங்க. உண்மையா?
– மஞ்சூர்

வெல்லம் போற வழி உணவுக்குழாய், தூசி போன வழி மூச்சுக்குழாய், ரெண்டும் உள்ள சந்திக்கிறதில்ல. தொண்டையில ஒட்டின தூசி இறங்கும், அந்த சுகம் நிஜம்தான், நுரையீரலுக்குள்ள போனது இறங்காது. சுகர் இல்லாதவங்க சாப்பிடுறதுல தப்பில்ல, ஆனா அதை நம்பி முகத்துல எதுவும் கட்டாம நிக்காதீங்க. கர்ச்சீப் பொடித்தூளைத் தடுக்காது. என்95 மாஸ்க் மூக்கு மேல இடைவெளி இல்லாம பொருந்தினா தடுக்கும், தாடி இருந்தா பொருந்தாது. விறகு போடுற இடத்துல புகை திரும்பி அடிக்குதுன்னா சிம்னியில கரி அடைச்சிருக்கும், அதை சுத்தம் பண்ணச் சொல்லிக் கேளுங்க.

நாங்க தைலம் காய்ச்சுறோம். கற்பூரமர இலையை அவிச்சு எடுத்த பிறகு அந்த சக்கையையே காய வச்சு எரிப்போம். நாள் முழுக்க தைல ஆவியில இருக்கிறோம், அதனால எங்க நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். ஆனா இப்ப மேடு ஏறினா நெஞ்சு இறுக்குது, நின்னா விட்டுடுது. 54 வயசு.

ஐயா, தைல ஆவி மூக்கடைப்பைத் திறக்கும், நல்லா மூச்சு வர்ற மாதிரி ஒரு உணர்வு வரும், உள்ள போன புகைத்தூளை அது கழுவாது. நீங்க எழுதின கடைசி வரிதான் என்னை பயமுறுத்துது. மேடு ஏறினா இறுக்கம், நின்னா விடுது, இது இதய ரத்தக்குழாய் அடைப்போட முதல் எச்சரிக்கையா இருக்கலாம், வாயுன்னு நினைச்சு சோடா குடிக்காதீங்க. இந்தப் பத்திரிகை உங்க கைக்கு வந்த நாளே ஈ.சி.ஜி. எடுக்கப் போங்க, ஈ.சி.ஜி. நார்மல்னு வந்தாலும் அதோட விடாம டிரெட்மில் டெஸ்ட் தேவையான்னு கேளுங்க.

உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்து விடாம இருந்தா, தாடை, இடது கை, முதுகுக்குப் பரவினா, வேர்த்துக் கொட்டினா உடனே 108. நம்ம மலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே மணிக்கணக்காகும், அந்த தம்பிக்கு எழுதின பதில்ல 20 நிமிஷக் கணக்கு சொன்னேனே அதை நினைச்சுப் பாருங்க. இதுக்காகத்தான் 2023ல நம்ம மாநிலத்துல இதயம் காப்போம் திட்டம் கொண்டு வந்தாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை நிலையத்துலயும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூணையும் முதல் டோஸா கையில கொடுத்துட்டு மேல அனுப்புவாங்க. பக்கத்துல எந்த நிலையத்துல இருக்குன்னு இன்னிக்கே விசாரிச்சு வைங்க, பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வைங்க. பெண்களுக்கு வலியே இல்லாம மூச்சுத்திணறலும் அசதியும் குமட்டலும் மட்டும் வரலாம், அதை வேலைக்களைப்புன்னு ஒதுக்கிடுறோம், நானே அப்படி ஒரு அம்மாவை ஒரு நாள் தாமதமா பாத்தேன், இன்னிக்கும் அந்த முகம் மறக்கல.

செத்த இதய செல் திரும்ப வராதுன்னா, 30 வருஷம் புகையில நின்ன பிறகு இப்ப கேஸுக்கு மாறி என்ன பிரயோஜனம்? எங்க வீட்ல கேஸ் இருக்கு, ஆனா சிலிண்டர் விலைக்குப் பயந்து சுடுதண்ணி, குழம்பு எல்லாம் விறகுலதான்.
– பூம்பாறையிலிருந்து ஒரு அம்மா

இந்தக் கடிதத்தைத்தான் நான் கடைசியா பதில் எழுதணும்னு எடுத்து வச்சேன்.

போன செல் வராதுங்கம்மா, அதை மறைச்சு சொல்ல எனக்கு மனசில்ல. ஆனா புகை உங்க நெஞ்சுல செல்லைக் கொன்னது மட்டுமில்ல, உயிரோட இருக்கிறதையும் தினமும் சோர்வாக்கி வச்சிருக்கு, ரத்தத்தைக் கெட்டியாக்கி வச்சிருக்கு, குழாயைச் சுருக்கி வச்சிருக்கு. இதெல்லாம் திரும்பும், அதுவும் சீக்கிரமே திரும்பும். 2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்காக சீனாவுல பாக்டரியை மூடி, வண்டியைக் குறைச்சு, கொஞ்ச வாரத்துக்குக் காத்தை சுத்தமாக்கினாங்க. அங்க இருந்த இளம் டாக்டர்களோட ரத்தத்தை முன்னாடியும் நடுவுலயும் பின்னாடியும் எடுத்துப் பாத்தப்போ, ரத்தம் உறையிறதைக் காட்டுற சில பொருள் அந்தக் கொஞ்ச வாரத்துலயே குறைஞ்சது, புகை திரும்பினதும் அதுவும் திரும்ப ஏற ஆரம்பிச்சது.

நம்ம தமிழ்நாட்டுலயே விழுப்புரம், நாகப்பட்டினத்துல சேர்த்து இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டான்னு நாலு நாட்டுல 3,200 கர்ப்பிணிகளை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, நம்ம பக்கம் சென்னை ஸ்ரீராமச்சந்திராவுல டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பண்ணினாங்க. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமா கொடுத்தாங்க. விறகுலயே இருந்தவங்க சுவாசிச்ச பி.எம். 2.5 நாளுக்கு 70 மைக்ரோகிராம் கிட்ட, கேஸ் கிடைச்சவங்களுக்கு 24. மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சுடுச்சு. குழந்தையோட எடை அதனால கூடலைன்னும் 2022ல நேர்மையா எழுதினாங்க, கேஸ் எல்லா நோய்க்கும் மருந்துன்னு நானும் சொல்ல வரல. ஆனா இதை கவனிங்க, அங்க சிலிண்டர் தீர்ந்தா அடுத்தது வீடு தேடி வந்துச்சு, காசு கேக்கல, அதனாலதான் அவங்க விறகு பக்கமே போகல. 2016ல ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் கொடுக்கிற உஜ்வாலா திட்டம் வந்ததுலயிருந்து கனெக்‌ஷன் கிடைச்ச வீடு நிறைய, ரீஃபில் வாங்க முடியாம சிலிண்டரை மூலையில வச்சிருக்கிற வீடும் நான் பாத்த வரைக்கும் நிறைய. அது உங்க தப்பில்ல, கூலிக்கும் சிலிண்டர் விலைக்கும் நடுவுல இருக்கிற தூரம். அந்தத் தூரத்தைக் குறைக்கிறது அரசாங்கத்தோட வேலைன்னு நான் எங்க பேசினாலும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

அது வர்ற வரைக்கும் இப்படிப் பண்ணிப் பாருங்க. அதிக நேரம் எரியிறது சுடுதண்ணி அடுப்புதான், அதை முதல்ல வீட்டுக்கு வெளிய கொண்டு போங்க, நாலு தகரம் போட்டு மறைச்சா மழைக்கும் தாங்கும். குழம்பு, சாம்பாரை கேஸ்ல குக்கர்ல வச்சா விசில் வந்ததும் அணைச்சுடலாம், பருப்பை முந்தின ராத்திரியே ஊற வைங்க. விறகை மழைக்கு முன்னாடியே அடுக்கி மூடி வைங்க, ஈர விறகு வேண்டாம். விறகு எரியிற நேரம் கதவு திறந்திருக்கட்டும், கூரையில புகை போக ஒரு முழம் இடம் விடுங்க, குளிர்ற அந்த அரை மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கலாம். பேரப்பிள்ளைங்களை அந்த நேரம் பக்கத்துல உக்கார வைக்காதீங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்காகிட்ட பிரஷர் பாத்துக்கோங்க, எத்தனைன்னு ஒரு நோட்டுல தேதியோட எழுதுங்க. சுடுதண்ணி அடுப்பு வெளிய போன அன்னிக்கு எனக்கும் ஒரு கார்டு போடுங்கம்மா, உங்க நோட்டுல இருக்கிற நம்பரையும் சேர்த்து எழுதுங்க.